கடிக்காத நாய் இனம் எது?

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

கால்நடை மருத்துவராக உங்களுக்குப் பதில் சொல்லும் முன், மற்ற வாசகர்களுக்காக உங்கள் கடிதத்தின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடியில் உள்ள அடுக்குமாடி வீட்டில் நீங்கள், கணவர், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், முழங்கால் வலியோடு இருக்கும் உங்கள் தாயார் என ஐந்து பேர் வசிக்கிறீர்கள். நீங்களும் கணவரும் காலை 9 மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்பி வர மாலை 6 மணி ஆகிறது. கணவருக்கு நீலக் கண்களுள்ள சைபீரியன் ஹஸ்கி மீது ஆசை. காணொளிகளைப் பார்த்த மகளுக்கு பார்டர் கோலிதான் வேண்டும். வீட்டுக்குக் காவலாக இருக்குமே என்று நீங்கள் ஜெர்மன் ஷெப்பர்டை நினைக்கிறீர்கள். உறவினர் ஒருவரோ, "லாப்ரடார் வாங்குங்கள், அது கடிக்கவே கடிக்காது" என்று உறுதி சொல்கிறார். இவற்றில் எங்கள் வீட்டுக்கு எது ஏற்றது, உண்மையிலேயே கடிக்காத இனம் எது, நாய் வளர்ப்பவரின் பொறுப்புகள் என்னென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வாரத்தில் மகளின் பிறந்தநாள் வருவதால் அதற்குள் முடிவு வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கடிக்காத இனம் என்று ஒன்று கிடையாது. அச்சம், வலி, தன் உணவையோ குட்டியையோ யாரேனும் பறித்துவிடுவார்களோ என்ற பதற்றம், தப்பிக்க வழியில்லாத நெருக்கடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அளவு மீறும்போது எந்த நாயும் கடிக்கும். சிறிய இனம் கடித்தால் பெரும்பாலும் கட்டுப்போடுவதோடு முடிந்துவிடும். பெரிய தாடையுள்ள இனம் கடித்தால் அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். கடியைப் பொறுத்தவரை, இனத்தால் வரும் வேறுபாடுகளில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். சாதுவான இனம் என்று பெயர் வாங்கிய நாய் கடித்துவிட்டால், "இந்த இனம் கடிக்காது என்று சொன்னார்களே" என்றுதான் பெற்றோர் திகைத்து நிற்கிறார்கள். இனத்துக்கு இருக்கும் நற்பெயர் வீட்டாரின் கண்காணிப்பைத் தளர்த்திவிடுகிறது. அதனால் உங்கள் உறவினரின் நல்ல எண்ணத்தை மதித்தாலும் அவர் தந்த உறுதியை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சொல்வதால் இனம் பார்ப்பதே வீண் என்று பொருளாகாது. ஓநாயிலிருந்து நாய் பிரிந்து மனிதரோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தின் மிகப் பெரும்பகுதியில் மனிதர் நாய்களைப் பெரும்பாலும் வேலைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கினர். மந்தையை மடக்கும் நாய், மோப்பம் பிடித்துத் தொடரும் நாய், சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்து வரும் நாய், வளைக்குள் புகுந்து எலியைக் கொல்லும் நாய் என்று அவை பிரிந்தன. தோற்றத்துக்கென்று விதி எழுதி, வம்சாவளிப் பதிவேடு வைத்து, கண்காட்சியில் பரிசு கொடுக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. வம்சாவளிப் பதிவேட்டைப் பராமரிக்கும் இங்கிலாந்தின் கென்னல் கிளப் தோன்றிய ஆண்டு 1873. உலக நாய் இனங்களை வகைப்படுத்தும் எஃப்.சி.ஐ. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 1911இல் உருவானது. அது இன்று 350க்கும் மேற்பட்ட இனங்களை அங்கீகரித்திருக்கிறது. நீங்கள் படத்தில் பார்த்து மயங்குகிற காது, வால், ரோமம், கண் ஆகியவை பெரும்பாலும் இந்தக் கடைசி நூற்றைம்பது ஆண்டுகளில் மெருகேற்றப்பட்டவை. உங்கள் வீட்டுக்குள் வந்த பிறகு நீங்கள் நாள்தோறும் எதிர்கொள்ளப்போவது அதற்கும் முன்பே அந்த நாயின் உடம்பில் ஊறிப்போன வேலைத் துடிப்பை. அந்த வேலை உங்கள் வீட்டில் கிடைக்காவிட்டால் அது சும்மா இருந்துவிடாது. கையில் அகப்படுவதைக் கொண்டு தனக்கென ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்ளும்.

இனத்தை வைத்து எந்த அளவுக்குக் கணிக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் நடத்தை பற்றிக் கேட்டறிந்து, அவற்றில் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்து ஒப்பிட்டார்கள். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் இடையிலான நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது. மனிதர் சொல்வதைக் கேட்டு நடக்கும் தன்மையில் இனத்தின் பங்கு ஓரளவு தெளிவாகத் தெரிந்தது. எளிதில் சினம் கொள்ளுமா, அச்சமூட்டும் சூழலில் எவ்வளவு விரைவில் சீறும் என்பதில் இனத்தின் பங்கு மிகக் குறைவாக இருந்தது. உங்களுக்கு மிகவும் தேவைப்படும் தகவல் "கடிக்குமா, கடிக்காதா" என்பதுதான். அதைத்தான் இனத்தின் பெயரால் சொல்ல முடியவில்லை.

இனி நீங்கள் குறிப்பிட்ட நாய்களுக்கு வருகிறேன்.

மகள் விரும்பும் பார்டர் கோலி, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான எல்லைப் பகுதியில் ஆடு மேய்ப்பதற்காக உருவான நாய். புதிய கட்டளையை மிக விரைவாகக் கற்றுக்கொள்ளும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அறிவும் அதன் ஓயாத உழைப்பும் ஒரே விதையிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. மலைச்சரிவில் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட நாயை மூன்றாம் மாடியில் ஒன்பது மணி நேரம் பூட்டி வைத்தால் என்ன நடக்கும் என்று கவனியுங்கள். அது முதலில் சுவரில் நகரும் நிழலையும் வெளிச்சப் புள்ளியையும் துரத்தத் தொடங்கும். பிறகு சன்னலுக்கு வெளியே தெரியும் வண்டிகளை முறைத்தபடி உடலைத் தரையோடு தாழ்த்திப் பதுங்கும். மாலையில் பிள்ளைகள் கூடத்தில் ஓடி விளையாடினால், அவர்களைச் சுற்றி வட்டமிட்டு மூலைக்கு ஓட்டும். விலகி ஓடும் பிள்ளையின் குதிகாலைப் பல்லால் கவ்வும். நான்கு வயதுப் பிள்ளையின் காலில் பல் பட்டதும் வீட்டார் "கடித்துவிட்டது" என்று அடிப்பார்கள். மந்தையை விட்டு விலகும் ஆட்டைத் திருப்பும் அதே செயலை அது இங்கும் செய்திருக்கிறது. அடிபட்டதன் காரணம் அதற்குக் கடைசி வரை விளங்காது. காணொளிகளில் வித்தை காட்டும் பார்டர் கோலிகளுக்குப் பின்னால் நாள்தோறும் பல மணி நேரம் அவற்றோடு உழைக்கும் ஒருவர் இருக்கிறார். அவரைக் காணொளி காட்டுவதில்லை.

சைபீரியன் ஹஸ்கி, வடகிழக்கு சைபீரியாவின் சுக்சி மக்கள் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வழிவந்தது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறத்தாழ 1,080 கிலோமீட்டர் உறைபனிப் பாதையில் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைக் கொண்டு சேர்த்த நாய்க்குழுக்களில் இவையும் இருந்தன. ஓடுவதுதான் இதன் வாழ்க்கை. கழுத்தில் வார் இல்லாமல் வெளியே விட்டால், கூப்பிட்டவுடன் திரும்பி வரும் என்று நம்ப முடியாத இனங்களில் இது ஒன்று. பூனை, முயல், கோழி ஆகியவற்றைத் துரத்தும் உந்துதலும் வலுவாக உண்டு. அந்நியரிடமும் பொதுவாக நட்போடு பழகுவதால் காவலுக்குப் பயன்படாது. ரோமம் இரண்டு அடுக்குகளாக இருப்பதால் குளிரைத் தாங்கும் இந்த நாய், வெயில் காலத்தில் தன் உடல் வெப்பத்தை வெளியேற்றத் திணறும். நாய்க்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைப்பதுதான் அது தன்னைக் குளிர்விக்கும் முதன்மையான வழி. உங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி வெக்கை என்றால், கணவரின் ஆசைக்காக ஓர் உயிர் ஆயுள் முழுவதும் இரைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று நீங்கள் இருவரும் பேசிப் பாருங்கள். குளிரூட்டிய அறையில் அடைத்து வைப்பது இதற்குத் தீர்வாகாது. குளிர்ச்சியோடு ஓட்டமும் அதற்குத் தேவை.

ஜெர்மன் ஷெப்பர்டைப் பற்றி மதிப்போடு பேசுகிறேன். 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மனியின் மேய்ச்சல் நாய்களிலிருந்து ஒழுங்குபடுத்தி உருவாக்கிய இந்த இனம், பயிற்சியை விரும்பி ஏற்கும். வீட்டாரிடம் ஆழ்ந்த பற்று வைக்கும். நீங்கள் எதிர்பார்க்கும் காவல் குணம் அதனிடம் உண்டு. அந்தக் குணத்தை நெறிப்படுத்த வேண்டியவர் நீங்கள். யார் விருந்தினர், யார் அயலார், மாடிப்படியில் எதிரே வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன் ஓடுகிறது, மின்தூக்கியில் ஏறுகிறவர் ஏன் நெருங்கி நிற்கிறார் என்பதையெல்லாம் சிறு வயதிலிருந்தே அதற்குப் பழக்கிக் காட்டாவிட்டால், அது எல்லோரையும் ஐயத்தோடு பார்க்கும் நாயாக வளரும். அடுக்குமாடியில் அப்படிப்பட்ட நாயோடு ஒவ்வொரு முறை வெளியே செல்வதும் கலக்கம் தரும். காவலுக்கென்று வாங்கி, காவல் குணம் வளரட்டும் என்று யாரோடும் பழகவிடாமல் கட்டி வைப்பவர்கள் உண்டு. அச்சத்தால் குரைக்கும் நாயைத்தான் அவர்கள் உருவாக்குகிறார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு நாய் இருக்கிறது என்ற அறிவே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமான காவல். அதற்கு எந்த நாயின் குரைப்பும் போதும். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரவலாகக் காணப்படுவதால், குட்டியின் தாய்க்கும் தந்தைக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று வளர்ப்பாளரிடம் கேட்காமல் வாங்கக் கூடாது.

லாப்ரடார் பொதுவாக மனிதரை நாடும், எளிதில் பழகும், சொன்னதைக் கேட்கும் நாய் என்பது உண்மைதான். உங்கள் உறவினர் சொல்லாமல் விட்டவை சில உண்டு. சுட்ட பறவையை வாயில் கவ்வி வருவதற்காக உருவான இனமாதலால், இரண்டு வயது வரை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும். பிள்ளைகளின் கையும் அதில் அடங்கும். வளர்ந்த லாப்ரடாரின் எடை ஏறத்தாழ 25 முதல் 36 கிலோ வரை இருக்கும். அன்பினால் பாய்ந்து வரும் அந்த எடையை முழங்கால் வலியுள்ள உங்கள் தாயார் தாங்க மாட்டார். லாப்ரடார் எப்போதும் பசியோடு இருப்பதற்கு ஒரு மரபணுக் காரணமும் இருக்கிறது. 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்கு, உண்ட நிறைவை மூளைக்கு உணர்த்துவதோடு தொடர்புடைய பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவின் ஒரு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தது. அந்த நாய் கண்ணைப் பார்த்துக் கெஞ்சும்போது வீட்டில் ஐந்து பேரும் ஆளுக்கொரு வாய் கொடுத்தால், நான்கு வயதுக்குள் அது மூட்டு வலியோடு எங்களிடம் வந்து சேரும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத இனங்களைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. பீகிள் அளவில் சிறியது, பிள்ளைகளோடு நன்றாகப் பழகும். ஆனால் மூக்கு காட்டும் வழியில் போகும், தனிமையில் விட்டால் அடுத்த தெரு வரை கேட்கும்படி ஊளையிடும். பக் போன்ற தட்டை முக நாய்கள் அடுக்குமாடிக்கு ஏற்றவை என்று விற்கப்படுகின்றன. அவற்றின் மூச்சுப்பாதை பிறவியிலேயே குறுகியது. உரிமையாளர் அழகென்று ரசிக்கும் குறட்டையொலி பெரும்பாலும் காற்றுக்கான திணறல். அந்த முகத்தை விரும்பிக் கேட்பவர்கள் குறைந்தால்தான் அப்படிப்பட்ட குட்டிகளைப் பெருக்குவதும் குறையும் என்பதை மருத்துவராக வருத்தத்தோடு சொல்கிறேன்.

குணத்தைவிட நோயைப் பற்றித்தான் இனம் எங்களுக்கு நம்பகமாகச் சொல்கிறது. டால்மேஷியன் குட்டிகளில் குறிப்பிடத்தக்க பங்கு ஒரு காதிலோ இரு காதுகளிலுமோ செவிடாகப் பிறக்கின்றன. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுவதால் கல் உண்டாகும் போக்கும் அந்த இனத்துக்கு உண்டு. டாபர்மேனுக்கு இதயத் தசை நோயும், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை வீங்கி முறுக்கிக்கொள்ளும் அவசர நிலையும் மற்ற இனங்களைவிட அதிகம். கோலி வகை நாய்கள் பலவற்றில் ஏ.பி.சி.பி.1 என்ற மரபணுவின் மாற்றம் இருப்பதால், மற்ற நாய்கள் எளிதாகத் தாங்கும் அளவில் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கொடுத்தாலும் அவற்றின் மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து வரும். அதனால் உண்ணிக்கோ சொறிக்கோ பிறர் வீட்டு நாய்க்கு எழுதித்தந்த மருந்தை உங்கள் நாய்க்குக் கொடுக்கவே கூடாது. எந்த இனத்தைக் கொண்டுவந்தாலும், அந்த இனத்தில் எந்த நோய்கள் வரும், அவற்றுக்குப் பெற்றோர் நாய்கள் பரிசோதிக்கப்பட்டனவா என்பதை வாங்குவதற்கு முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இனி விடை சொல்ல வேண்டும். ஒரு பங்கு தாய் தந்தையிடமிருந்து வருகிறது. குட்டியைப் பார்க்கப் போகும்போது தாயைக் காட்டச் சொல்லுங்கள். அயலாரைக் கண்டதும் அது ஒடுங்கி நடுங்கினாலோ பாய்ந்து வந்தாலோ அந்த ஈற்றில் குட்டி எடுக்க வேண்டாம். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் நிற்கவே வேண்டாம். மற்றொரு பங்கு, பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை அந்தக் குட்டிக்கு என்னென்ன பழக்கமாயின என்பதைப் பொறுத்தது. அந்தக் காலத்தில் குழந்தையின் அழுகை, முதியவரின் கைத்தடி, குக்கர் சத்தம், தலைக்கவசம் அணிந்த ஆள், குடை விரியும் ஒலி ஆகியவற்றை அச்சமின்றி அறிந்துகொண்ட குட்டி, பிற்காலத்தில் அவற்றைக் கண்டு மிரளாது. எட்டு வாரம் முடியும் முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகள், கடியின் அழுத்தத்தை உடன்பிறப்புகளோடு விளையாடி அளந்து கற்கும் வாய்ப்பை இழந்துவிடுகின்றன. தடுப்பூசி முடியவில்லையே என்று நான்கு மாதம் வரை குட்டியை அறைக்குள்ளேயே வைத்திருந்தால், பழக்குவதற்கான காலம் கைநழுவிப் போய்விடும். தெருவில் இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவது பாதுகாப்பான நடுவழி.

மூன்றாவது பங்கு வீட்டாருடையது. அதை உங்கள் மகனை வைத்தே விளக்குகிறேன். ஆலோசனை அறையில் பெற்றோர் கைபேசியில் எங்களிடம் ஆசையோடு காட்டும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். படுத்திருக்கும் நாயின் கழுத்தைக் குழந்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டிருக்கும். குழந்தையின் முகத்தில் சிரிப்பு. நாயின் முகத்தைப் பாருங்கள். தலை குழந்தைக்கு எதிர்ப்புறமாகத் திரும்பியிருக்கும். காதுகள் பின்னால் ஒட்டியிருக்கும். கடைக்கண்ணில் பிறைபோல வெள்ளை தெரியும். வாய் இறுக மூடியிருக்க, நாக்கின் நுனி மட்டும் மூக்கை நக்கியபடி இருக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவியும் விடும். அந்த நாய் தன்னால் இயன்ற அளவு பணிவோடு "விட்டுவிடு" என்று கேட்கிறது. யாரும் கேளாதபோது உடல் விறைக்கிறது, பிறகு உறுமுகிறது. உறுமியதற்காக அதை அடித்தால், அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும். உறுமல் அது தரும் எச்சரிக்கை. அதைத் தண்டித்து அடக்குவதைப் போல ஆபத்தான வளர்ப்புமுறை வேறு இல்லை. வாலை ஆட்டினால் நட்பு என்று முடிவு செய்வதும் தவறு. உயர்ந்து விறைத்து நுனி மட்டும் வேகமாக அசையும் வால், பதற்றத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

சிறு குழந்தைகளைக் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை அவர்களுக்கு நன்கு தெரிந்த நாய்கள். இடம் பெரும்பாலும் வீடு. நாய் உண்ணும்போது, உறங்கும்போது, எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போது நெருங்கக் கூடாது என்பதை ஒன்பது வயது மகளுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். நான்கு வயது மகனுக்குச் சொன்னால் மட்டும் போதாது. பெரியவர் ஒருவர் அதே அறையில் கண்ணெடுக்காமல் இருக்க வேண்டும். முடியாதபோது நாயும் குழந்தையும் கதவாலோ தடுப்பாலோ பிரிந்திருக்க வேண்டும். நாய் விலகிப் போய்ப் படுக்க, யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலை அதற்கென்று இருக்க வேண்டும்.

மற்ற பொறுப்புகளில் வெறிநோய்த் தடுப்பூசி முதன்மையானது. உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது; அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்நோய் நாய்க்கடியால் வந்தது. அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட இயலாத காரியம். தடுப்பதோ முழுக்க நம் கையில் இருக்கிறது. குட்டிக்கு ஏறத்தாழ பன்னிரண்டு வாரத்தில் முதல் ஊசியும் ஓராண்டில் ஊக்க ஊசியும் போட்டு, பிறகு உங்கள் பகுதியின் விதிப்படி தொடர வேண்டும். தெரு நாயோ வளர்ப்பு நாயோ, எந்த நாய் கடித்தாலும் பல்லால் கீறினாலும் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை மகளுக்கும் தாயாருக்கும் சொல்லி வையுங்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய தொற்றுநோய்களுக்கான ஊசிகளை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். முதல் ஊசி போட்டதோடு நிறுத்திவிட்டு, "ஊசி போட்டோமே" என்று பார்வோ வந்த குட்டியோடு வருபவர்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

குடற்புழு நீக்கம், உண்ணித் தடுப்பு, பல், நகம், காது ஆகியவற்றின் பராமரிப்பை உங்கள் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே அட்டவணையாக எழுதித் தருவார். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிடால் என்ற சர்க்கரை மாற்று கலந்த இனிப்புகள், பாராசிட்டமால், இபுப்ரோஃபன் ஆகியவை நாய்க்கு நஞ்சு. தாயாரின் வலி மாத்திரைகள் தரையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டி ஈன்றெடுக்க விடும் எண்ணம் இல்லையென்றால் கருத்தடை அறுவை செய்துவிடுவது நல்லது. பெண் நாய்க்கு வயதான பின் வரும் கருப்பைச் சீழ் நோயை அது தடுக்கிறது. பெரிய இனங்களில் மூட்டு வளர்ச்சியைக் கருதி எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பயிற்சியில் அடிக்கு இடமே இல்லை. விரும்பிய செயலுக்குப் பரிசு கொடுத்துப் பழக்குவது எல்லா இனங்களிலும் பலன் தருகிறது. அடி பெரும்பாலும் அச்சத்தைத்தான் கற்றுத் தருகிறது. பொது இடத்தில் வார் பிடித்து நடத்துவதும், அது கழித்ததை நீங்களே அள்ளுவதும் அயலாருக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடமை.

இவை எல்லாவற்றையும்விட உங்கள் வீட்டில் கடினமாக இருக்கப்போவது நேரம். இரண்டு மூன்று மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. வளர்ந்த நாயைக்கூட நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வழக்கமாகத் தனியே விடக் கூடாது. பகலில் தாயார் வீட்டில் இருக்கிறாரே என்று நீங்கள் நினைத்திருக்கலாம். உங்கள் கடிதத்தில் அரை வரியில் வந்துபோகும் அவர்தான் அந்த நாயோடு நாள்தோறும் ஒன்பது மணி நேரம் இருக்கப்போகிறவர். மூன்று மாடி இறங்கி ஏற வேண்டியவரும் அவரே. அவருக்கு நாய் பிடிக்குமா, அச்சமா, இந்தச் சுமையை ஏற்க மனமிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், பகலில் நாயை வெளியே அழைத்துச் செல்ல நம்பகமான வேறொருவர் கிடைக்கும் வரை நாய் வாங்குவதை ஒத்திவைப்பதுதான் நியாயம்.

நீங்கள் கேட்டபடி என் முடிவைத் தெளிவாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டின் இன்றைய நிலையில் பார்டர் கோலி, ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய மூன்றில் எதுவும் வேண்டாம். லாப்ரடார் உட்பட எந்த இனத்தின் குட்டியும் வேண்டாம். மூன்று முதல் ஐந்து வயதுக்குள், நடுத்தர அளவில், அமைதியாக வளர்ந்த ஒரு நாயை, கலப்பினமாக இருந்தாலும் சரி, காப்பகத்திலிருந்தோ வேறு வழியின்றி நாயைத் தர நேர்ந்த ஒரு குடும்பத்திடமிருந்தோ பெறுவது உங்களுக்கு ஏற்றது. குட்டியின் குணம் ஊகம். வளர்ந்த நாயின் குணம் கண்முன்னே இருக்கிறது. குழந்தைகளோடு இருந்திருக்கிறதா, தனியே விட்டால் என்ன செய்கிறது, உணவுத் தட்டை எடுத்தால் எப்படி நடந்துகொள்கிறது, யாரையேனும் கடித்திருக்கிறதா என்று இதுவரை பராமரித்தவரிடம் கேட்டறியலாம். காவல், துணை, பிள்ளைகளின் மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் அப்படிப்பட்ட நாய் தரும். நடுத்தர நாய் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் வாழக்கூடியது; ஐந்து வயதில் வந்தாலும், உங்கள் மகள் பள்ளி முடித்துப் படிக்க வெளியூர் போகும்போது அந்த முதிய நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நீங்களும் கணவரும்தான்.

பிறந்தநாளைக் கெடுவாக வைக்க வேண்டாம். விருந்தினர் கூட்டமும் ஆரவாரமும் நிறைந்த நாள், புதிய வீட்டுக்கு வரும் எந்த நாய்க்கும் மிக மோசமான முதல் நாள். இடைப்பட்ட ஆறு வாரத்தில், நாய் இருப்பதாகவே எண்ணி, காலை 6 மணிக்கு எழுந்து அரை மணி நேரமும் மாலையில் முக்கால் மணி நேரமும் உங்களில் இருவர் நாள் தவறாமல் நடந்து வாருங்கள். மழையிலும் விடுமுறை நாளிலும் விடாதீர்கள். அது முடிந்தால் நாய் தேடத் தொடங்கலாம். ஒரு நாயைப் பார்க்கப் போகும்போது முதல் முறை கணவரும் நீங்களும் தாயாரும் மட்டும் போங்கள். அது அமைதியாகப் பழகினால் அடுத்த முறை மகளையும், அதற்கடுத்த முறை மகனையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரச் சம்மதிக்கும் முன் அதை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசிப் பதிவேட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.